திண்டுக்கல்லில் ஆழ்கடல் ரீல் சோதித்த விதம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கடற்கரை அலுவலகம் ஒன்று, ஆழ்கடலில் மீன் பிடிக்கத் தகுந்த தூண்டிற்கோலும் ரீலும் தேர்ந்தெடுத்துச் சான்றிதழுடன் அனுப்பும்படி திண்டுக்கல்லுக்குக் கடிதம் எழுதியது.
2. திண்டுக்கல்லில் கடல் இல்லை என்று பதில் போட வேண்டிய நாங்கள், "ஆவன செய்யப்படும்" என்று பதில் போட்டோம்.
3. பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர், சாவி போட்டால் மட்டுமே தூண்டில் நரம்பை விடும் ரீல் ஒன்றைச் செய்தார்.
4. எங்கள் பரிசோதனை நிலையம் அதைப் பாராட்டியது.
5. கடலில் தொழில் செய்யும் ஒருவர் வந்து அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.
6. காளை மாடு ஒன்று மீனாக நியமிக்கப்பட்டது.
7. மேலதிகாரி ஒருவர் வறண்ட கண்மாய்க்குள் வயிற்றால் பயணம் செய்தார்.
8. மறுநாள் காலை பத்தரை மணிக்கு அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது.

பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷம் படிக்கும் பெண்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு "ஓய்வு பெற்ற பழைய மாணவி" என்ற முறையில் ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்தப் பட்டத்துக்கு நான் கொஞ்சம் சின்னவள். ஆனால் நான் வேலை பார்த்த பரிசோதனை நிலையத்தைப் போன வருஷம் மதுரையிலுள்ள பெரிய நிலையத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே எனக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரு தட்டெழுத்து இயந்திரமும் அதற்கு ஒரு உறையும். நான் விலகிக்கொண்டேன். ஆகவே ஓய்வு பெற்றவள் என்பது தப்பில்லை.

"அக்கா, ஊக்கம் தர்ற மாதிரி எழுதுங்க" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. விவரம் தருகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வருஷம் ஒரு இரும்புக் கட்டியை அரத்தால் தேய்த்துக் கனசதுரமாக்கினேன். இரண்டாம் வருஷம் அது கனசதுரம் இல்லை என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷம் கடைசல் இயந்திரத்தின் முன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். இயந்திரப் பிரிவில் என்னோடு சேர்ந்த இன்னொரு பெண் மூன்றாம் மாதமே கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து என்னிடமே அறிவுரை சொல்லி வந்தார்கள்.

ஐம்பத்தேழில் திண்டுக்கல்லில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். புகையிலைக் கிடங்கு ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறைகள்தான் எங்கள் நிலையம். ஊரில் செய்கிற பூட்டுகள் எங்களிடம் வரும். சோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். பக்கத்துக் கிடங்கில் புகையிலைச் சிப்பம் பிரிக்கிற நாட்களில் தும்மிக்கொண்டே சோதிப்போம். சோதனை நான்கு கட்டம். பூட்டைச் சங்கிலியில் மாட்டி எடைக்கற்களைத் தொங்கவிடுவது முதல் கட்டம். சுத்தியலால் பன்னிரண்டு அடி. பொருந்தாத சாவிகள் ஐம்பது. கடைசியாக, உப்புத் தண்ணீரில் ஒரு வாரம். படிவத்தில் முடிவுக்கு இரண்டே கட்டங்கள்தான்: "திறந்தது: தள்ளுபடி." "திறக்கவில்லை: ஏற்பு." ஒரு பூட்டின் வாழ்க்கையில் வேறு என்ன நடந்துவிட முடியும்?

கண்காணிப்பாளர் சுந்தரராஜனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவரை மாதிரி ஒரு மேலதிகாரி உங்கள் ஒவ்வொருவருக்கும் காத்திருக்கிறார்.

எந்தக் கடிதத்தையும் அவர் இரண்டு முறை படிப்பார். முதல் முறை உட்கார்ந்து, இரண்டாம் முறை நின்று. யாராவது முக்கியமாக ஏதாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால்தான் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாத விஷயம் வந்தால், "நோட் போடுங்க" என்பார். நான் எழுதிக் கொடுப்பேன். படித்துவிட்டு, தமக்கு முன்பே தெரிந்ததை நான் தாமதமாக எழுதியிருப்பதாகச் சொல்வார். எடைக்கல் தொங்கி முடிந்த பூட்டை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால், மூன்று முறை இழுப்பார். நிதானமாக ஒன்று, வெடுக்கென்று ஒன்று, ஏமாற்றுவது போல ஒன்று. திறக்காவிட்டால் "ம்" என்பார். அந்த ஒரு எழுத்துக்காகப் பட்டறைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர் "ம்" சொன்ன பூட்டை உடைத்தவர்கள் உண்டு, திறந்தவர்கள் இல்லை.

இனி அந்தக் கடிதம். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத பித்தளைப் பூட்டு ஒன்றுக்கு நாங்கள் முன்பு சான்றிதழ் கொடுத்திருந்தோம். அதை வாங்கிய கடற்கரை அலுவலகத்துக்கு எங்கள்மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது. கரையோரத்தில் மீன் குறைகிறது, ஆழத்துக்குப் போய்ப் பெரிய மீன் பிடிக்க வெளிநாட்டார் போலக் கோலும் ரீலும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு ஒரு திட்டம் வந்திருந்தது. வெளிநாட்டு ரீல் வாங்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் திண்டுக்கல்.

கண்காணிப்பாளர் கடிதத்தை உட்கார்ந்து படித்தார். நின்று படித்தார்.

"ரீலுன்னா என்னம்மா?"

"நரம்பு சுத்தற உருளை சார். கைப்பிடியச் சுத்தினா நரம்பு ஏறும். எதிர்ப்பக்கம் விட்டா இறங்கும்."

"கிணத்து உருளை மாதிரி."

"ஏறக்குறைய அப்படித்தான் சார். ஆனா..."

"அப்ப நமக்குத் தெரிஞ்ச சாமான்தான். நோட் போடுங்க."

நூலகத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. படங்களில் வெள்ளைக்காரர்கள் படகில் நாற்காலி போட்டு, தோல் பெல்ட்டால் கோலை உடம்போடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு நாள் படித்து, தேவைகளை எழுதினேன்:

அ. கோல் குட்டையாக இருக்க வேண்டும், ஐந்தரை அடி போதும். ஆழத்திலிருந்து செங்குத்தாகத் தூக்கும் வேலைக்குக் கோல் நீண்டால், அந்த நீளம் மீனுக்குத்தான் உதவும்.
ஆ. அடி தடித்திருக்க வேண்டும். நுனி வளைய வேண்டும்.
இ. ரீல் முன்னூறு கஜம் நரம்பு கொள்ள வேண்டும்.
ஈ. பித்தளையாக இருக்க வேண்டும். இரும்பு கூடாது.
உ. மீன் ஓடும்போது, நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவை வந்ததும், ரீல் பிடிமானத்தோடு நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதல் நான்குக்கும் கண்காணிப்பாளர் பச்சை மையில் சரி போட்டார். ஐந்தாவதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"விட்டுக்கொடுக்கிறதுக்கு எதுக்கும்மா ஒரு ரீலு? அதுக்கு நரம்பத் தண்ணிக்குள்ள வீசிட்டு வந்துரலாமே."

வேலை சவரிமுத்து பட்டறைக்குப் போனது. சவரிமுத்து நாற்பத்தைந்து வயதுக்காரர். நாலு ஆள் வைத்துப் பூட்டுச் செய்தார். ஊரில் கை சுத்தம் என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். என்னை "டெஸ்ட்டம்மா" என்று கூப்பிடுவார். கோலுக்கு அவர் தேடிப்பிடித்தது சிறுமலைக் கல்மூங்கில், உள்ளே துவாரமில்லாத ஜாதி. வாழைத்தார் இறக்க வந்த மலைக்காரர்களிடம் சொல்லிவைத்து, இருபது கழியில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அடுப்புப் புகையில் ஒரு மாதம் காயவிட்டார். குறை சொல்ல முடியாத கோல்.

ரீலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பித்தளை மினுங்கியது. கைப்பிடி வெண்ணெய் போலச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே பல்சக்கரம் "டிக் டிக்" என்றது. எதிர்ப்பக்கம் இழுத்தால் அசையவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது.

"இது என்னண்ணே?"

"சாவித் துவாரம்" என்றார் சவரிமுத்து. "சாவி போட்டுத் திருப்புனாத்தான் நரம்பு எறங்கும். இல்லேன்னா எமனே வந்து இழுத்தாலும் வராது."

"சாவி எதுக்குண்ணே?"

"நல்லாக் கேட்டீக. எவனாச்சும் நரம்ப உருவிட்டுப் போயிட்டான்னா?"

"நடுக்கடல்லயா?"

"களவாணிப்பய எங்கனம்மா இல்ல?"

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் கையால் செய்கிற பொருள் எதுவும் விடக்கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதல்ல. அவர் அப்பா விடாத சாமான் செய்தார், அவரும் செய்தார். அவரிடம் போய் ரீல் கேட்டால் நரம்புக்குப் பூட்டுச் செய்வார். செய்தார். அதைச் சோதித்த எங்களுக்கும் அது பூட்டாகவே தெரிந்தது.

ராத்தல் போய்க் கிலோ வந்திருந்த சமயம் அது. படிவம் கிலோவுக்கு மாறியிருந்தது, எடைக்கற்கள் மாறவில்லை. கணக்குப் போட்டு ஏறக்குறைய நாற்பது கிலோவை ரீலின் நரம்பில் தொங்கவிட்டோம். ஒரு பகல் முழுதும் தொங்கியது. ஒரு நூல் இறங்கவில்லை. கண்காணிப்பாளர் கண்ணை மூடி மூன்று முறை இழுத்தார். "ம்" என்றார். பிறகு நான் அதுவரை கேட்டிராத வகையில் இன்னொரு முறையும் "ம்" என்றார். சவரிமுத்து சைக்கிளில் பாடிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கடற்கரை அலுவலகம் நம்புராஜன் என்பவரை அனுப்பியது. ராமநாதபுரம் கரையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முதல் கோலும் ரீலும் அவர் கையில்தான் போகப் போகிறது, அவர் பிடித்துக் காட்டினால் மற்றவர்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தோம். நம்புராஜன் ரீலை வாங்கி முன்னால் சுற்றினார், பின்னால் இழுத்தார்.

"இது விடாதா சார்?"

"விடவே விடாது" என்றார் கண்காணிப்பாளர்.

"மீனு இழுத்தா?"

"திமிங்கிலம் இழுத்தாலும்."

"அப்ப எப்பத்தான் விடும்?"

"சாவி போட்டா விடும்" என்று சவரிமுத்து சாவியை எடுத்து நீட்டினார். "அரணாக்கயித்துல முடிஞ்சு வச்சுக்கங்க. கடல்ல விழுந்துராம."

நம்புராஜன் சிரிக்க ஆரம்பித்தார். தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேஜையில் விரித்திருந்த புத்தகத்தில் பெல்ட் போட்ட வெள்ளைக்காரரின் படத்தைப் பார்த்தார்.

"இந்த வாரும் உண்டா?"

"உண்டு. தோல்ல தைக்கக் குடுத்தாச்சு" என்றார் கண்காணிப்பாளர்.

சிரிப்பு நின்றது. நம்புராஜன் வலது கையை மேஜைமேல் வைத்தார். நடுவிரலிலும் மோதிர விரலிலும் மேல் கணு இல்லை.

"நாப்பது பாகம், நாப்பது ஆள் ஆழத்துல களவா மீனு கடிச்சுச்சு, தாயி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கயித்தக் கையில சுத்தி வச்சிருந்தேன். சுத்தக் கூடாதுன்னு எங்க அய்யா சொல்லிருக்காரு. சுத்துனேன். அது அடியில பாறைக்குள்ள பாஞ்சுச்சு. கயிறு விடல, வெரலு விட்டுருச்சு." ரீலைத் திருப்பி வைத்தார். "இதுல வெரலு போகாது. வாரும் போட்டு இந்தச் சாமானையும் மாட்டுனா ஆளே போயிருவான்."

கிடங்குப் பக்கம் யாரோ தும்மினார்கள்.

சவரிமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீலைத் தொடாமல் எழுந்து போனார். ஐந்தாம் நாள் இன்னொரு ரீலுடன் வந்தார். சாவித் துவாரம் இல்லை. பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே தோல் வில்லைகள் வைத்திருந்தார். தோல்சாப்பில் போய்ப் பதமான தோலாகப் பார்த்து வாங்கி, விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து வெட்டியவை. பக்கத்துத் திருகை இறுக்கினால் பிடி கூடும், தளர்த்தினால் குறையும். வேண்டிய எடையில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த எடைக்கு மேல் இழுத்தால், முனகிக்கொண்டே நரம்பை விடும். இழுவை குறைந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

"எப்படிண்ணே தோணுச்சு?"

"வண்டி எறக்கத்துல எறங்கும்போது சக்கரத்துல கட்டைய அழுத்துவாகள்ல, அதான். முழுசா நிறுத்துனா வண்டி கவுந்துரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டெஸ்ட்டம்மா, முப்பது வருசத்துல விடுறதுக்குன்னே நான் செஞ்ச மொத சாமான் இது. பட்டறையில எவன்கிட்டயும் சொல்லல. வீட்டுல கூடச் சொல்லல."

அதே சங்கிலி, அதே நாற்பது கிலோ. ரீல் முனகியது. எடைக்கற்கள் மெதுவாக, மரியாதையாக, தரைக்கு வந்து உட்கார்ந்தன. கண்காணிப்பாளர் தம் விரல்களைப் பயன்படுத்தவே இல்லை.

"திறந்துருச்சு."

"திறக்கல சார். விட்டுக்கொடுத்திருக்கு. நம்ம அஞ்சாவது தேவை."

"படிவத்துல விட்டுக்கொடுத்ததுன்னு கட்டம் இருக்கா?"

இல்லை. நோட் போட்டேன், மூன்று பக்கம். திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரே வரி: "திறவாமையைச் சான்றளிப்பதே நிலையத்தின் நோக்கம்." அதற்குக் கீழே உத்தரவு. இரண்டாவது ரீல் தள்ளுபடி. முதல் ரீலுக்குச் சான்றிதழ் தயாரிக்க வேண்டும்.

சான்றிதழில் இடப்பக்கம் தொழில்நுட்ப உதவியாளர் கையெழுத்து, வலப்பக்கம் கண்காணிப்பாளர் கையெழுத்து. இடப்பக்கம் விழாமல் வலப்பக்கம் விழக்கூடாது என்பது விதி. ஆக, சாவி ரீல் நம்புராஜனின் உடம்பில் பெல்ட்டோடு மாட்டப்படுவதற்கும் மாட்டப்படாமல் இருப்பதற்கும் நடுவில் என் பேனா இருந்தது. இருபத்தைந்து வயதில் ஒருத்தியின் பேனாவுக்கு இது அதிகப்படியான கனம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிலையத்தின் விதிக் கைப்புத்தகத்தைப் புரட்டினேன். பதினோராவது பிரிவு, "உபயோக நிலைச் சோதனை". சந்தேகம் வந்தால் பொருளை அது பயன்படும் நிலையிலேயே சோதிக்கலாம். அதுவரை பூட்டை நிஜக் கதவில் மாட்டிப் பார்ப்பதைத்தான் அதற்கு அர்த்தமாகக் கொண்டிருந்தோம். கண்காணிப்பாளரிடம் பிரிவு எண்ணைச் சொன்னேன். பிரிவு எண் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

"சரிம்மா. திண்டுக்கல்ல மீனுக்கு எங்க போவீங்க?"

"மாடு இருக்கு சார்" என்றார் வாசலில் நின்ற சவரிமுத்து.

அவருடைய சிநேகிதர் பெரியகருப்பன் நத்தம் பக்கத்துக்காரர். மஞ்சுவிரட்டில் ஓடி ஓய்ந்த காளை ஒன்று வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலை ஊருக்கு வெளியே தண்ணீரில்லாத கண்மாயில் எல்லோரும் கூடினோம். படிவத்தில் "உபயோகிக்கும் இடம்" என்று ஒரு பத்தி உண்டு. "கண்மாய், வறண்டது" என்று எழுதினேன். "எதிர்விசை" என்ற பத்திக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நாட்டுக் காளைன்னு போடுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"எம்மாட்ட மீனுன்னு எழுதிராதீக தாயி" என்று பெரியகருப்பன் கவலைப்பட்டார். "நாளைக்குச் சந்தையில எவனும் வாங்க மாட்டான்."

நைலான் நரம்பு அறுந்துவிட்டால் ரீலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் நம்புராஜன் தம் தடித்த பருத்திக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் காளையின் கழுத்துக் கயிற்றில் முடிந்தோம். முதலில் தோல் வில்லை ரீல், நம்புராஜன் கையில். பெரியகருப்பன் வாலைத் தொட்டார். காளை பாய்ந்தது. ரீல் அலறியது. நம்புராஜன் காலை ஊன்றிச் சாய்ந்து நின்றார், கோல் வில்லாக வளைந்தது, கயிறு போய்க்கொண்டே இருந்தது. எழுபது கஜத்தில் காளைக்கு அலுத்துவிட்டது. நின்று, தன்னைப் பிடித்திருப்பது எது என்று திரும்பிப் பார்த்தது. நம்புராஜன் சுற்ற ஆரம்பித்தார். காளை முறைத்துக்கொண்டே பத்துத் தப்படி பின்னால் நடந்து வந்தது. நேரம், தூரம், பிடித்தவர் நிலை மூன்றையும் குறித்துக்கொண்டேன். நிலை: "நின்றபடி. வியர்வை."

அடுத்தது சாவி ரீல்.

"இத நானே பிடிக்கிறேன்" என்றார் கண்காணிப்பாளர். "நீங்க பிடிச்சா வேணும்னே கைய விட்டுருவீங்க."

"விடத்தானே சார் செய்வேன்" என்றார் நம்புராஜன்.

"அதான் சொல்றேன்."

பெல்ட்டை மாட்டிக்கொள்ளப் போனார். வேண்டாம் என்று நம்புராஜன் சொன்னார். "படத்துல பெல்ட் இருக்கு" என்றார் இவர். நான் பெல்ட்டை அவர் கையிலிருந்து வாங்கி, "இது இன்னும் சோதிக்கப்படாத பொருள் சார்" என்று மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். சோதிக்கப்படாத பொருள் என்றதும் விட்டுவிட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய உபகாரம் அதுதான். அதற்கு இன்றுவரை நன்றி வரவில்லை.

பெரியகருப்பன் வாலைத் தொட்டார்.

ரீல் விடவில்லை. கயிறு அறவில்லை. கல்மூங்கில் முறியவில்லை. கண்காணிப்பாளரும் விடவில்லை. எல்லாம் உறுதியாக இருந்ததால் எல்லாம் சேர்ந்தே போயின. முதல் மூன்று அடி ஓடினார். அப்புறம் படுத்தார்.

"சாவி! சாவியப் போடுங்க!" என்று சவரிமுத்து பக்கத்தில் ஓடினார்.

"சாவி யார்கிட்ட?" என்று பெரியகருப்பன் கத்தினார்.

சாவி கண்காணிப்பாளரின் சட்டைப் பையில் இருந்தது. சட்டைப் பை அவருக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருந்தது.

"கைய விடுங்க சார்! கைய விட்டுருங்க!" நம்புராஜன்தான் அவர் விரல்களைப் பிரித்துவிட்டார். கோலும் ரீலும் காளையோடு எதிர்க்கரைக்குப் போயின. கண்காணிப்பாளர் போன தூரத்தை டேப் வைத்து அளந்தேன். இருபத்திரண்டு அடி.

அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். தாடையில் தோல் வழன்றிருந்தது. வேறு காயமில்லை. முதலில் கேட்ட கேள்வி: "ரீல் விட்டுச்சா?"

"இல்ல சார்."

"ம்" என்றார்.

ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பத்தரைக்குக் கோப்பு வந்தது. நான் இந்தக் கட்டுரையின் தலைமாட்டில் மறுநாள் என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்ளவும். சான்றிதழ் தயாராக இருந்தது. அதில் அவரே எழுதியிருந்தார்: "காளையின் முழுவிசைக்கும் கருவி கடைசிவரை விடவில்லை. எனவே ஏற்பு. பிடித்திருந்தவர் நிலை பெயர்ந்தது கருவியின் குறையன்று."

சோதனைக் குறிப்பை நான் கண்மாயிலேயே எழுதி முடித்திருந்தேன். இடத்திலேயே எழுத வேண்டும், மையில் எழுத வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது என்று கண்காணிப்பாளர் தம் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். குறிப்பைச் சான்றிதழோடு இணைத்து அவர் அறைக்குக் கொண்டுபோனேன். உட்கார்ந்து படித்தார். நின்று படித்தார்.

பிடித்திருந்தவர்: கண்காணிப்பாளர். சென்ற தூரம்: இருபத்திரண்டு அடி. நிலை: முதல் மூன்று அடி காலால், பாக்கி வயிற்றால். சாவி இருந்த இடம்: பிடித்திருந்தவருக்கு அடியில்.

"இதெல்லாம் எதுக்கும்மா? அடிச்சிருங்க."

"அடிக்கக் கூடாது சார்." சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இது மேலிடத்துக்குப் போகுமே."

"ஏற்புன்னா சான்றிதழோட குறிப்பும் போகணும் சார். அது விதி. முடிவு செய்யாம நிலுவையில வச்சா போக வேண்டியதில்ல."

"நீங்க கையெழுத்துப் போடலேன்னா உங்க ரகசியக் குறிப்புல எழுத வேண்டியிருக்கும், தெரியும்ல?"

"எழுதுங்க சார். காரணம்னு ஒரு பத்தி இருக்கு. அதுல தூரத்தையும் எழுதணும்."

கண்ணாடியைக் கழற்றினார். இனிமேல் காது கேட்கும் என்று தெரிந்ததால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "சார், பூட்டுக்குப் போட்ட படிவத்த ரீலுக்குப் போட்டோம். தப்பு ரீல் மேல இல்ல, சவரிமுத்து மேலயும் இல்ல. அந்த ஆள் கைய நீங்களும்தான் பாத்தீங்க. நீங்க கண்மாய்ல விழுந்தீங்க, நாங்க ஓடி வந்தோம். அவர் விழுற எடத்துல நாப்பது பாகம் தண்ணி."

வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரீலுக்குன்னு தனிப் படிவம் வேணும்" என்றார் கடைசியில். "நான் அப்பவே நெனச்சேன். நோட் போடுங்க."

போட்டேன். புதுப் படிவத்தில் "எந்த எடையில் விடுகிறது" என்று ஒரு பத்தி சேர்த்தேன். தோல் வில்லை ரீல் அதில் தேறியது. நம்புராஜன் அதை வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷக் கடைசியில் என் ரகசியக் குறிப்பில் "ஒத்துழைக்கும் பாங்கு போதாது" என்று ஏறியது. காரணப் பத்தி காலியாக விடப்பட்டிருந்ததாகக் கேள்வி. நான் விலகும் நாள் வரை உதவியாளராகவே இருந்தேன்.

இப்போதைய நிலை இது. கடற்கரை அலுவலகம் பன்னிரண்டு ரீல் வாங்கியபின் திட்டத்தைக் கைவிட்டது. அவற்றில் எத்தனை கடலில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. நம்புராஜன் தம்முடையதில் தோல் வில்லையை இருமுறை மாற்றியிருப்பதாகச் சவரிமுத்துவுக்குத் தபால் அட்டை வந்தது. புதுப் படிவத்தின் கீழே "வகுத்தவர்: கண்காணிப்பாளர்" என்று அச்சாகியிருக்கிறது. அவர் இப்போது மதுரையில் இணை இயக்குநர், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பும் எடுக்கிறார். முதல் ரீல் அங்கே அலமாரியில் இருக்கிறது. கோப்பில் அது ஏற்கப்படவும் இல்லை, தள்ளப்படவும் இல்லை. பரிசீலனையில் இருக்கிறது. சான்றிதழில் இடப்பக்கம் கையெழுத்து இல்லை. ஆகவே வலப்பக்கமும் இல்லை.